பிள்ளைகள் பார்த்திருக்க வரைந்த ஆசிரியர்

நூற்றாண்டு மலர் என்றால் அதில் ஆசிரியர்களுக்கு ஓர் இடம் உண்டு. நமக்குக் கற்பித்த ஆசிரியைகளைப் பற்றி, அவர்களிடம் நேரே படித்த சகோதரிகள் எழுதுவதே பொருத்தம். நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்டவரோ நம் பாடசாலையைக் கண்டவர் அல்லர். கடல் கடந்த நாடொன்றில் பிறந்து, வாழ்ந்து, 1859ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டவர். இங்கிலாந்தின் நீர்வர்ண ஓவியர் டேவிட் கொக்ஸ்தான் அவர்.

காற்றையும் மழையையும் கடதாசியில் பிடித்துவைத்தவர் என்று ஓவியம் தெரிந்தோர் அவரைப் போற்றுவர். அவருடைய நிலக்காட்சிகள் இன்றும் இங்கிலாந்தின் பெரிய கலைக்கூடங்களில் தொங்குகின்றன. ஆனால் நம்மைக் கவர்ந்தது வேறொன்று. இந்தப் பெரிய ஓவியர் தம் வாழ்வின் நடுப்பகுதியில் ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகளை ஒரு சிறிய நகரில் சித்திர ஆசிரியராகக் கழித்தார். அந்த நகருக்கு அவரை அழைத்துச் சென்றது ஒரு பெண்கள் பாடசாலை. கலை வரலாற்று நூல்கள் அந்த ஆண்டுகளை ஓரிரு பக்கங்களில் கடந்து போய்விடும். பெண்கள் பாடசாலையில் படித்து வளர்ந்த நாம் அந்த வகுப்பறை வாசலில் சற்று நின்று பார்ப்பது தவறாகாது.

டேவிட் கொக்ஸ் 1783ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் திகதி பேர்மிங்ஹாம் நகரின் புறத்தே டெரிட்டென்ட் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தையார் கொல்லர். தாயார் கமக்காரக் குடும்பத்தில் வந்தவர். சிறுவயதில் விழுந்து கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோது, உறவினர் ஒருவர் பொழுதுபோக்கட்டும் என்று ஒரு வர்ணப்பெட்டியைக் கொடுத்தார். படுத்த படுக்கையாகவே சிறுவன் பட்டங்களுக்கு வர்ணம் தீட்டத் தொடங்கினான். கால் தேறியபின் கொல்லன் பட்டறையில் சம்மட்டி பிடிக்க உடம்பு இடங்கொடுக்கவில்லை. ஆகவே பெற்றோர் அவனை ஊரில் ஓவியம் கற்பித்த ஜோசப் பார்பர் என்பவரின் வகுப்புக்கு அனுப்பினர். பின்னர், கழுத்துச் சங்கிலிப் பதக்கங்களில் மிகச் சிறிய உருவங்களைத் தீட்டும் ஓவியர் ஒருவரிடம் தொழில் பழக விட்டனர். அந்த ஓவியர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தொழில் பாதியில் நின்றது.

அடுத்து வந்த வேலை நாடகக் கொட்டகையில். மேடையின் பின்னே தொங்கும் திரைச்சீலைகளுக்குக் காட்சி தீட்டும் ஓவியர்களுக்கு வர்ணம் அரைத்துக் கொடுக்கும் எடுபிடி வேலை அது. அங்கே டி மரியா என்னும் ஓவியர் தீட்டிய காட்சிகளைப் பார்த்து இளைஞர் கொக்ஸ் மலைத்து நின்றார். உட்கார வைத்துப் பாடம் சொல்லுவார் அங்கே எவரும் இல்லை. வர்ணம் அரைத்தபடியே கண்ணால் பார்த்ததுதான் பாடம். எந்த வர்ணம் முதலில் போகிறது, எவ்வளவு நீர் சேர்கிறது, தொலைவில் தெரியும் மலைக்கு எதைக் குறைக்கிறார்கள் என்பதையெல்லாம் பக்கத்தில் நின்றவருக்குக் கண்ணே கற்றுக்கொடுத்தது. பிற்காலத்தில் அவர் ஆசிரியரானபோது கைக்கொண்ட முறைக்கு வித்து இங்கேதான் விழுந்தது என்பது நம் எண்ணம்.

1804இல் நாடக வேலையை நம்பி இலண்டனுக்குப் போனார். எதிர்பார்த்த வேலை கைகூடவில்லை. திரைச்சீலைகளைச் சதுர யார் கணக்கில் தீட்டிக் கூலி பெற்றார். சிறு ஓவியங்களை வியாபாரிகளிடம் டசின் இரண்டு கினிக்கு விற்றார். அந்த வறுமையிலும் பத்து ஷிலிங் கொடுத்து ஜோன் வார்லி என்னும் புகழ்பெற்ற நீர்வர்ண ஓவியரிடம் பாடம் கேட்கச் சென்றார். வந்திருப்பவர் சோற்றுக்கு அல்லாடும் ஓர் ஓவியர் என்று அறிந்ததும் வார்லி காசு வாங்குவதை நிறுத்திக்கொண்டார். தாம் வரையும்போது வந்து பார்த்துக்கொண்டிருக்க இடமும் கொடுத்தார். பக்கத்தில் இருந்து பார்க்கவிடுவதே ஓர் ஓவியர் இன்னொருவருக்குத் தரக்கூடிய பெரிய கொடை என்பதை கொக்ஸ் இருபது வயதுகளிலேயே கண்டுகொண்டார்.

1808இல் தாம் குடியிருந்த வீட்டுக்காரியின் மகளான மேரியை மணந்தார். மேரி அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். வரவுசெலவைக் கையில் எடுத்து வீட்டை நிமிர்த்தியவரும் அவரே. அடுத்த ஆண்டு ஒரு மகன் பிறந்தான். அவனுக்கும் டேவிட் என்றே பெயரிட்டனர். ஓவியம் விற்றுக் குடும்பம் நடத்த முடியாது என்று தெரிந்தபின் கொக்ஸ் பிறருக்குச் சித்திரம் கற்பிக்கத் தொடங்கினார். ஃபார்ன்ஹமில் இருந்த இராணுவக் கல்லூரியில் சில காலம் சித்திர ஆசிரியராக இருந்தார். குடும்பத்தைப் பிரிந்து அங்கே இருப்பது அவருக்குச் சரிவரவில்லை.

அப்போதுதான் ஹெரஃபோர்ட் நகரில் வேலை ஒன்று கிடைத்தது. வேல்ஸ் எல்லைக்கு அருகே, வை ஆற்றங்கரையில் அமைந்த அந்த நகரில் குரோச்சர் என்னும் அம்மையார் ஒரு பெண்கள் பாடசாலை நடத்திவந்தார். கிழமையில் இரண்டு நாள் கற்பிக்க வேண்டும். ஆண்டுக்கு 100 பவுண் சம்பளம். மற்ற நாட்களில் வெளியே மாணாக்கர் சேர்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. 1814ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கொக்ஸ் குடும்பத்தோடு அங்கே போய்ச் சேர்ந்தார். 1827 வரை அந்த நகரே அவர் ஊராயிற்று. அங்கிருந்த ஆண்கள் பாடசாலையிலும் சிறு சம்பளத்துக்குக் கற்பித்தார்.

அவர் கற்பித்தலை ஒரு தவமாக மேற்கொண்டார் என்று நாம் மிகைப்படுத்த வேண்டியதில்லை. அது வயிற்றுப்பாட்டுக்கான தொழில். அக்கால இங்கிலாந்தில் வசதியுள்ள வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பியானோவும் பிரெஞ்சு மொழியும் சித்திரமும் கற்பிப்பார்கள். நல்ல இடத்தில் கலியாணம் பொருந்துவதற்கு அவை ஓர் அணிகலன். பிள்ளை வரைந்த படம் ஒன்றைச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டினால் போதும் என்று நினைத்த பெற்றோரே அதிகம். அத்தகைய வகுப்புக்கு எளிய வழி ஒன்று இருந்தது. ஆசிரியர் முடிந்த படம் ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார். பிள்ளைகள் அதைப் பார்த்துப் பிரதி செய்வார்கள். தவறிய இடங்களை ஆசிரியர் திருத்திவிடுவார். வீட்டுக்குப் போகும் படம் அழகாகவே இருக்கும். அதில் பிள்ளையின் கை எவ்வளவு, ஆசிரியரின் கை எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை.

கொக்ஸ் தெரிந்துகொண்ட வழி வேறு. மாணாக்கரின் கண்முன்னே வெற்றுக் கடதாசியில் தொடங்கி, படிப்படியாகத் தாமே வரைந்து காட்டுவார். அதைப் பார்த்திருந்துவிட்டு அவர்கள் வரைவார்கள். நம் ஆசிரியர் கலாசாலைகளில் செய்துகாட்டல் முறை என்று சொல்வார்களே, அதுதான். இன்று இது பெரிய விடயமாகத் தோன்றாது. ஆனால் நீர்வர்ணத்தைக் கையாண்டு பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நீர்வர்ணத்தில் வெள்ளை என்று தனியே ஒன்றைப் பூசுவது வழக்கமில்லை; கடதாசியின் வெண்மையே வெளிச்சம். ஆகவே எந்த இடத்தைத் தொடாமல் விடுவது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மங்கலில் தொடங்கி அடர்த்தியை நோக்கிப் போகவேண்டும். இருண்டுபோன இடத்தை மீண்டும் வெளிச்சமாக்குவது கடினம். கடற்பஞ்சாலோ பாண் துண்டாலோ ஒற்றிச் சிறிதளவு மீட்கலாம், அவ்வளவுதான். ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறம் காய்ந்ததும் வெளிறிப்போகும். எனவே வானத்தைத் தீட்டும்போது, இது கூடிப்போயிற்றே என்று பயப்படும் அளவுக்கு அடர்த்தியாகவே வைக்கவேண்டும்.

எல்லாவற்றிலும் பெரியது நேரம். பலகையைச் சற்றுச் சாய்த்து, நிறைய நீர் கொண்ட தூரிகையால் மேலிருந்து கீழாக வர்ணத்தை இறக்கினால் கடதாசி பளபளக்கும். அந்தப் பளபளப்பு இருக்கையில் இன்னொரு வர்ணத்தை வைத்தால் இரண்டும் கலந்து முகிலாகப் படரும். பளபளப்பு அடங்கும் தறுவாயில் வைத்தால் ஓரம் மெதுவாக நிற்கும். முற்றாகக் காய்ந்தபின் வைத்தால் வெட்டினாற்போல் கோடு விழும். முகிலுக்கு முதலாவது வேண்டும், தொலைமலைக்கு இரண்டாவது, முன்னே நிற்கும் வேலிக்கு மூன்றாவது. முடிந்த படத்தை மணிக்கணக்காகப் பார்த்தாலும் இவற்றில் ஒன்றும் தெரியாது. ஆசிரியர் எப்போது கையை நீட்டினார், எப்போது கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார் என்பது பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு மட்டுமே தெரியும்.

தைப்பொங்கலன்று முற்றத்தில் கோலம் போட நமக்கு எவரும் பாடம் நடத்தவில்லை. அம்மாவின் விரல்களுக்கிடையே மா எப்படி இறங்குகிறது என்று குந்தியிருந்து பார்த்தோம். அடுப்படியிலும் அப்படித்தான். கைப்பக்குவம் என்று நாம் சொல்வதெல்லாம் பார்த்துப் படிந்தது. ஹெரஃபோர்ட் வகுப்பறையில் கொக்ஸ் செய்ததும் அதுவே.

செய்துகாட்டலில் ஆசிரியருக்கு ஒரு சங்கடமும் உண்டு. முடிந்த படத்தைக் கொண்டுவந்து வைப்பவர் தவறமாட்டார். வகுப்பின் நடுவே வரைபவரின் வானமும் ஒருநாள் கறைபட்டுப் போகலாம். மரத்தின் நிழல் சேறாகலாம். இத்தனை சோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்க அதை எப்படிச் சமாளிக்கிறார் என்பதும் பாடத்தில் சேர்ந்துவிடும். தம் பெயரைக் கிழமைக்கு இருமுறை இவ்வாறு பணயம் வைக்கத் துணிந்தவர் கொக்ஸ்.

அவர் எழுதிய பாடநூல்களும் இதே வழியில் அமைந்தவை. நீர்வர்ண நிலக்காட்சி ஓவியம் பற்றிய அவருடைய பெரிய நூல் 1813, 1814ஆம் ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளிவந்தது. இளம் தொடக்கநிலையாளருக்கான படிமுறைப் பாடங்கள் 1816இல் வந்தன. பாடசாலையில் கற்பித்துக்கொண்டிருந்த காலத்திலேயே இளம் ஓவியருக்கான மற்றொரு நூலும் வெளிவந்தது. முதலில் வெறும் கோட்டுருவங்கள், அடுத்து ஒரே நிறத்தில் வெளிச்சமும் நிழலும், கடைசியில்தான் வர்ணம். புத்தகத்தில் ஆசிரியரின் கை அசையாது. ஆனாலும் ஒரு படத்துக்குப் பல படிகள் உண்டு என்பதை அச்சிலும் பிரித்துக் காட்டினார். காட்சிக்கும் வேளைக்கும் பொருத்தம் வேண்டும் என்பதும் அவர் வற்புறுத்திய பாடம். அமைதியான குடிசைக்கு அமைதியான மாலை வெளிச்சம். கரடுமுரடான மலைக்குப் புயல் திரண்ட வானம். எதை வரைவது என்பதோடு எந்த மனநிலையில் வரைவது என்பதையும் தொடக்கத்திலேயே முடிவுசெய்யச் சொன்னார்.

இப்படிக் கற்ற அந்தப் பெண்பிள்ளைகள் பின்னர் என்ன ஆனார்கள் என்ற கேள்வி நமக்கு எழத்தான் செய்கிறது. அவர்கள் எவ்வளவு நன்றாக வரைந்தாலும் போவதற்கு வழி குறைவு. இலண்டன் றோயல் அக்கடமியை 1768இல் நிறுவிய கலைஞர்களுள் ஆஞ்சலிகா கௌஃப்மன், மேரி மோசர் என்னும் இரு பெண்கள் இருந்தார்கள். ஆயினும் அதன் கலைப் பாடசாலையில் ஒரு மாணவியும் சேர்க்கப்படாமல் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. 1860இல் லோறா ஹெர்ஃபோர்ட் என்பவர் தம் சித்திரங்களைப் பெயரின் முதலெழுத்தை மட்டும் இட்டு அனுப்பினார். ஆண்பிள்ளை என்று எண்ணியே இடம் கொடுத்தார்கள். கதவு அப்படித்தான் திறந்தது. அது கொக்ஸ் இறந்த அடுத்த ஆண்டு.

ஆகவே ஹெரஃபோர்ட் மாணவியர் கற்ற வித்தைக்குச் சந்தை இல்லை, பட்டம் இல்லை, பதவி இல்லை. அதனால் கொக்ஸ் தம் பாடத்தை மலினப்படுத்தவில்லை. படை அதிகாரிகளாகப் போகும் இளைஞருக்கும் பிரபு குடும்பத்தாருக்கும் வியாபாரி வீட்டுப் பெண்ணுக்கும் அவர் காட்டியது ஒரே தொழிலைத்தான். பெண்பிள்ளை படித்து என்ன ஆகப் போகிறது என்று கேட்டவர்களின் நடுவே நம் பாடசாலைகளும் நடந்தன. அதை அறிந்த நமக்கு அந்த 100 பவுண் ஆசிரியரிடம் ஒரு நன்றி தோன்றுகிறது.

1827இல் கொக்ஸ் மறுபடி இலண்டனுக்குப் போனார். அங்கும் பாடம் சொல்லியே வாழ்ந்தார். 1836ஆம் ஆண்டளவில், பொதி சுற்றுவதற்கென்று ஸ்கொட்லாந்தில் செய்யப்பட்ட தடித்த, சொரசொரப்பான கடதாசி ஒன்று தற்செயலாக அவர் கைக்கு வந்தது. வர்ணத்தை அது உறிஞ்சும் விதமும் அதன் கரடும் அவருக்குப் பிடித்துப்போயின. தேடிப்பிடித்து ஒரு றீம் வாங்கினார். அதில் அங்கங்கே கறுப்புப் புள்ளிகள் கிடக்கும். வானத்தின் நடுவே புள்ளி வந்தால் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு, அதற்கு இரண்டு சிறகு வைத்துப் பறவையாக்கிவிடும் வழியைக் காட்டினார் என்று சொல்லப்படுகிறது. காற்று சுழன்றடிக்கும் அவருடைய பிற்கால ஓவியங்கள் பலவும் அத்தகைய முரட்டுக் கடதாசியில் பிறந்தவையே.

நம் கட்டுரையின் உயிரான நிகழ்ச்சி இனித்தான் வருகிறது. நீர்வர்ணத்தில் ஊரறிந்த ஆசிரியரான பிறகு எண்ணெய் வர்ணத்தை முறையாகக் கற்க வேண்டும் என்ற ஆசை கொக்ஸுக்கு வந்தது. அப்போது எகிப்து, கிரேக்க நாடுகளுக்குப் போய்த் திரும்பியிருந்த வில்லியம் ஜேம்ஸ் முல்லர் என்னும் இளைஞர் எண்ணெய் வர்ணத்தை அதிசயமான வேகத்தோடு கையாண்டார். 1812இல் பிறந்த முல்லருக்கு கொக்ஸின் மகனைவிடவும் வயது குறைவு. ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வயதில் கொக்ஸ் அந்த இளைஞரின் ஓவியக்கூடத்துக்குப் போனார். அவர் வரைவதைப் பக்கத்தில் இருந்து மாணாக்கனைப் போலப் பார்த்தார். வீட்டுக்கு வந்து தாமே செய்து பழகினார்.

ஆயுள் முழுதும் பிறர் பார்த்திருக்க வரைந்தவர், பிறர் வரையத் தாம் பார்த்திருக்கக் கூசவில்லை. நரைத்த தலையோடு அந்த இடத்தில் போய் அமர்ந்தாரே, அங்கேதான் அவர் எவ்வளவு நல்ல ஆசிரியர் என்பது நமக்குத் தெரிகிறது. கற்பித்தவர்களில் சிலருக்கு மட்டுமே மறுபடி கற்கும் வணக்கம் வாய்க்கிறது.

1841இல் கற்பித்தல் தொழிலை மகனிடம் விட்டுவிட்டுப் பேர்மிங்ஹாமை அடுத்த ஹார்போர்ன் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார். தம் மனம்போல வரைவதற்கு அவருக்கு நேரம் கிடைத்தது ஐம்பத்தெட்டாவது வயதில்தான். 1844 முதல் 1856 வரை ஒவ்வோர் ஆண்டும் வடவேல்ஸில் உள்ள பெட்டுஸ் அ கோயிட் என்னும் மலைக்கிராமத்துக்குப் போவார். அங்கிருந்த றோயல் ஓக் விடுதியின் பெயர்ப்பலகையையும் 1847இல் அவரே வரைந்து கொடுத்தார். அவர் போகிறார் என்று இளைய ஓவியர்களும் அங்கே போகத் தொடங்கினர். நாளடைவில் அக்கிராமம் ஓவியர்களின் கூடுமிடமாயிற்று. பாடசாலை வேலையை விட்டும், அவரைச் சுற்றி ஒரு வகுப்பு தானாகக் கூடிவிட்டது எனலாம்.

அந்த நிம்மதியும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1845இல் மனைவி மேரி காலமானார். 1853இல் கொக்ஸைப் பாரிசவாதம் தாக்கியது. பார்வையும் நினைவும் தளர்ந்தன. கை முன்போல் நுணுக்கத்துக்கு இணங்கவில்லை. கண்காட்சிகளில் அவர் படங்கள் கரடுமுரடாக இருக்கின்றன என்ற குறையும் கேட்டது. இடத்தை உள்ளபடி எழுதிக் காட்டுவது தம் நோக்கமன்று. மனத்தில் பட்டதை எழுதுவதே தம் வேலை என்பது அவர் நிலை. வேல்ஸின் வடகரையில் றில் கடற்கரையை அவர் வரைந்த ஓவியத்தைப் பார்த்தால் அது விளங்கும். பெரிய வானம், கீழே ஒரு கீற்று மணல், ஆங்காங்கே புள்ளிகளாய் மனிதர். எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வீசும் உப்புக்காற்று.

1859ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி, 76ஆவது வயதில், ஹார்போர்னில் அவர் உயிர் பிரிந்தது. அவ்வூர்த் தேவாலய வளவில், மனைவியின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். உயிரோடிருந்தபோது சொற்ப விலைக்குப் போன படங்களுக்கு, அவர் மறைந்த சில ஆண்டுகளிலேயே ஏலங்களில் பெருந்தொகை கிடைத்தது. அந்தப் பணத்தில் ஒரு சதமும் கொல்லர் மகனைச் சேரவில்லை.

ஆனால் ஹெரஃபோர்ட் வகுப்பறையில் அவர் கொடுத்தது ஏலத்துக்கு வரும் பொருளல்ல. அங்கே படித்தவர்களுக்குத் தனிப்பட்ட புகழ் ஏதும் இல்லை. வானம் தீட்டும்போது எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது என்று அறிந்த கைகள் அவர்களுடையவை. அவர்கள் தம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் முன்னே உட்கார்ந்து ஒருமுறையேனும் வரைந்து காட்டியிருப்பார்கள் என்று நம்பவே நமக்கு விருப்பம்.

இம்மலரை வாசிக்கும் சகோதரிகளே, யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ, தொரன்டோவிலோ மெல்பேணிலோ நீங்கள் எங்கிருந்தாலும், வீட்டில் ஒரு பேத்தியின் வர்ணப்பெட்டி கிடக்கும். அவள் வரைந்ததைத் திருத்துவதற்கு முன், ஒரு வெற்றுக் கடதாசியை எடுத்து அவள் பார்த்திருக்க நீங்களே ஒரு வானம் தீட்டுங்கள். அது கறைபட்டாலும் பரவாயில்லை. கறையை என்ன செய்கிறீர்கள் என்று அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.